நகம் வெட்டியது யார்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் ஏறினால், அரியாங்குப்பம் தாண்டியதும் நோணாங்குப்பம் வந்துவிடும். நீங்கள் போயிருப்பீர்கள். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் டிக்கெட் வாங்கி, ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஆறு கடலில் கலக்கிற மணல் திட்டு வரைக்கும் போய்விட்டு வந்திருப்பீர்கள்.

போன மாதம் அந்தப் படகில் எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன். நாலு வயசு இருக்கும். படகு கிளம்பியதும் கரையைக் காட்டிக் கத்தினான்.

''அப்பா... தென்னை மரமெல்லாம் ஓடுது!''

''மரம் ஓடலைடா. நாமதான் ஓடறோம்'' என்றார் அப்பா. படகே சிரித்தது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணம், இதே ஊரில், இதே தப்பை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். நாலு வயசில் அல்ல, முப்பத்திரண்டு வயசில். நூறு பேர் கேட்கிற மாதிரி.

அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கொஞ்ச தூரம் என்றால், சுமார் 50 ஒளியாண்டு!

*

குருப் பெயர்ச்சி உங்களுக்குத் தெரியும். வியாழன் கிரகம் ஒரு ராசியில் ஏறத்தாழ ஒரு வருஷம் இருக்கும். பன்னிரண்டு ராசியையும் சுற்றி வரப் பன்னிரண்டு வருஷம். நம் சூரியக் குடும்பத்தில் பெரியவர் அவர்தான். பூமியைப் போல 318 மடங்கு எடை. பெரியவருக்கு ஏற்ற மாதிரி அவசரமில்லாத நடை. சூரியனிடமிருந்து மரியாதையான தூரத்தில், குளிரில், நிதானமாகச் சுற்றுகிறார்.

இப்போது ஒரு கற்பனை. அந்த வியாழனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சூரியனுக்குப் பக்கத்தில் வையுங்கள். பக்கத்தில் என்றால், புதன் இருக்கிற தூரத்தில் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. என்ன ஆகும்? பன்னிரண்டு வருஷச் சுற்று நாலே நாலு நாளில் முடிந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு குருப் பெயர்ச்சி! காலையில் ஒரு பலன், மத்தியானம் ஒரு பலன். ஜோசியர்கள் சாப்பிட நேரமில்லாமல் திண்டாடுவார்கள்.

இது வெறும் கற்பனை இல்லை. பூரட்டாதி நட்சத்திரம் என்று நாம் சொல்வது இரண்டு நட்சத்திரங்களை. அவற்றுக்கு நடுவே, கொஞ்சம் மேற்கே தள்ளி, மங்கலாக ஒரு புள்ளி. பெயர் 51 பெகாசி. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும். 1995 அக்டோபர் 6-ம் தேதி, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயர், அவருடைய மாணவர் திதியே கெலோ என்கிற இரண்டு பேர், இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு செய்தி சொன்னார்கள். அந்த நட்சத்திரத்தை, குறைந்தது வியாழனில் பாதி எடையுள்ள ஒரு கிரகம், 4.2 நாளுக்கு ஒருதரம் சுற்றுகிறது. அதன் சூடு சுமார் 1,000 டிகிரி செல்ஷியஸ்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவர்கள் அந்தக் கிரகத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றியிருக்கிறீர்களா? குழந்தை பெரிய வட்டமாகச் சுற்றும். நீங்களும் சும்மா நிற்க மாட்டீர்கள். பின்னால் சாய்ந்து, சின்னதாக ஒரு வட்டம் போடுவீர்கள். இருட்டில் குழந்தை தெரியாவிட்டாலும், உங்கள் ஆட்டத்தைப் பார்த்தே, 'இவர் கையில் ஏதோ இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். நட்சத்திரமும் அப்படித்தான் ஆடியது. நம் பக்கமாக ஒருதரம், எதிர்ப்பக்கமாக ஒருதரம், மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில். நம்முடைய எக்ஸ்பிரஸ் ரயிலைவிடக் கொஞ்சம் வேகம். அந்த ஆட்டம் நட்சத்திரத்தின் ஒளியில் பதிவாகியிருந்தது.

இந்த மாதிரிக் கிரகங்களுக்கு 'சூடான வியாழன்கள்' என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு வந்த பட்டியலைக் கேட்டால் தலை சுற்றும். 2017-ல் கண்டுபிடித்த கெல்ட்-9பி என்கிற கிரகத்தின் பகல் பக்கம் 4,000 டிகிரிக்கு மேல். பல நட்சத்திரங்களைவிட அதிகச் சூடு. அதன் காற்றில் இரும்பு ஆவியாக மிதக்கிறது. வாஸ்ப்-12பி என்று ஒன்று, தன் நட்சத்திரத்தை ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டே போகிறது. இன்னும் 30 லட்சம் வருஷத்தில் விழுந்து முடிந்துவிடுமாம். நம் நாட்டுக்காரர்களும் சும்மா இல்லை. ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார், ராஜஸ்தானில் மவுண்ட் அபு மலைமேல் இருக்கிற 1.2 மீட்டர் டெலஸ்கோப்பை வைத்து, 2021-ல் ஒரு சூடான வியாழனை உறுதி செய்தார்கள். டிஓஐ-1789பி. மூன்றே கால் நாளுக்கு ஒரு சுற்று.

சரி, இதெல்லாம் பொது அறிவு. இதில் தத்துவம் எங்கே வந்தது என்கிறீர்களா? இருங்கள்.

*

1995-ல் விஞ்ஞானிகள் வாயைப் பிளந்தது, கிரகம் இருப்பதைக் கேட்டு அல்ல. அது இருந்த இடத்தைக் கேட்டு.

பெரிய கிரகம் உருவாகப் பனிக்கட்டி வேண்டும், ஏராளமான வாயு வேண்டும். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பனிக்கட்டி நிற்காது. ஆகவே பெரியது தூரத்தில்தான் இருக்கும், சின்னதுதான் பக்கத்தில் இருக்கும். இதுதான் பாடம். ஆதாரம்? நம் வீடு. நம் சூரியக் குடும்பம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே எல்லாக் குடும்பமும் அப்படித்தான் இருக்கும்.

ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, உலகத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் சட்டம் எழுதிவிட்டோம்!

'அப்படி இல்லாமலும் இருக்கலாமே' என்று சொல்ல ஒருவர்கூட இல்லையா? இருந்தார். ஆட்டோ ஸ்ட்ரூவ் என்கிற வானியலாளர், 1952-லேயே ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 'வியாழனைப் போன்ற கிரகம் நட்சத்திரத்துக்கு மிகப் பக்கத்தில், ஒரே நாளில் சுற்றுகிற மாதிரி ஏன் இருக்கக்கூடாது? இருந்தால், நட்சத்திரத்தின் ஆட்டத்தை வைத்தோ, அது குறுக்கே போகும்போது ஒளி மங்குவதை வைத்தோ கண்டுபிடித்துவிடலாமே' என்று. பின்னால் நடந்தது அப்படியே அதுதான். ஆனால் நடக்க 43 வருஷம் ஆயிற்று.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் ஜெஃப் மார்சி, பால் பட்லர் என்று இரண்டு பேர், 1980-களின் கடைசியிலிருந்தே நட்சத்திரங்களை அளந்து அளந்து சேர்த்து வைத்திருந்தார்கள். வியாழன் என்றால் பன்னிரண்டு வருஷக் கணக்கு. அவசரம் என்ன, மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். சுவிஸ்காரர்கள் அறிவித்ததும் ஓடிப்போய்த் தங்கள் பழைய அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 1996 ஜனவரியில், அவர்கள் கையிலிருந்த அளவுகளிலேயே இரண்டு கிரகங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் சுற்று நாலு மாதத்துக்கும் குறைவு.

சாட்சி மேஜை டிராயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இங்கேதான் என் கேள்வி. 'இல்லை' என்று நாம் சொல்கிற விஷயங்களில் எத்தனை நிஜமாகவே இல்லை? எத்தனை, நாம் பார்க்காதவை?

*

இதற்கு நேர் எதிரான தப்பும் இருக்கிறது. இல்லாததைப் பார்ப்பது. அதன் கதை நம் ஊரிலேயே நடந்தது.

சென்னை நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கிற வளாகத்தில், 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானோக்குக்கூடம் கட்டியது. அதன் கல்தூண் இன்றும் அங்கே நிற்கிறது, தமிழ் எழுத்துகளோடு. அங்கே டைரக்டராக இருந்தவர் கேப்டன் டபிள்யூ.எஸ்.ஜேக்கப். 70 ஒஃபியூச்சி என்கிற இரட்டை நட்சத்திரத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகிற பாதை கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1855-ல் எழுதினார்: கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்கே இருப்பது மிகவும் சாத்தியம்.

சூரியனுக்கு வெளியே இன்னொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று, அளவுகளைக் காட்டி உலகத்தில் முதலில் சொன்ன குரல்களில் ஒன்று நுங்கம்பாக்கத்திலிருந்து கிளம்பியிருக்கிறது! பெருமைதான். ஆனால் அந்தக் கிரகம் இல்லை. நட்சத்திரம் ஆடியதாக அவர் நினைத்தது, பெரும்பாலும் அளவுகளில் இருந்த ஆட்டம்.

ஜேக்கப்பைக் கேலி செய்யாதீர்கள். 136 வருஷம் கழித்து, எத்தனையோ நல்ல கருவிகள் வந்த பிறகு, இங்கிலாந்தில் ஆண்ட்ரூ லைன் என்கிற பெரிய வானியலாளருக்கும் இது நடந்தது. 1991-ல், பல்சர் என்கிற செத்த நட்சத்திரம் ஒன்றை ஒரு கிரகம் ஆறு மாதத்துக்கு ஒருதரம் சுற்றுவதாக அவர் குழு அறிவித்தது. உலகமே கொண்டாடியது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். கூட்டம் 1992 ஜனவரியில். அதற்குக் கொஞ்சம் முன்னால், கணக்கைத் திரும்பச் சரிபார்த்த லைனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் நிற்கிற பூமி சூரியனைச் சுற்றுகிறதே, அந்த ஓட்டத்தைக் கணக்கிலிருந்து சரியாகக் கழிக்கவில்லை. பல்சர் ஆடவில்லை. ஆடியது பூமி.

மரம் ஓடலைடா. நாமதான் ஓடறோம்!

லைன் என்ன செய்தார் தெரியுமா? உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருக்கலாம். 'மேலும் ஆராய வேண்டியிருக்கிறது' என்று மழுப்பியிருக்கலாம். போனார். நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளுக்கு முன்னால் மேடையேறி, 'நாங்கள் சொன்ன கிரகம் இல்லை, தப்பு எங்களுடையது' என்றார். சபை மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அதே கூட்டத்தில் அலெக்சாண்டர் வோல்ஷ்சான் என்பவர், வேறொரு பல்சரைச் சுற்றும் கிரகங்களைப் பற்றிப் பேசினார். அவை நிஜம். இன்றுவரை நிற்கின்றன.

இருப்பதைப் பார்க்காதது ஒரு தப்பு. இல்லாததைப் பார்ப்பது ஒரு தப்பு. இரண்டும் எதிரெதிர் மாதிரித் தெரிகிறது. வேர் ஒன்றுதான். அளவுகோலாக நம்மையே வைத்துக்கொண்டது.

*

புதுச்சேரிக்கு வந்துவிடுவோம். நட்சத்திரத்துக்குக் குறுக்கே கிரகம் போகும்போது ஒளி கொஞ்சம் மங்கும் என்றேன் இல்லையா? நம் சூரியனுக்குக் குறுக்கேயும் கிரகம் போகும். 2004 ஜூன் 8-ம் தேதி வெள்ளி போனதைக் கறுப்புக் கண்ணாடி வைத்து நீங்களும் பார்த்திருக்கலாம். சூரியன்மேல் ஒரு மிளகு.

அந்த மிளகைப் பார்க்கத்தான் 1760-ல் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ஜெந்தி. போகவேண்டிய இடம் புதுச்சேரி. பாதி வழியில் சேதி வந்தது: புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6-ம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் இருந்தார். பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது 1769-ல். அதைவிட்டால் நூறு வருஷத்துக்கு மேல். மனுஷன் ஊர் திரும்பவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தார். புதுச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்திருந்தது. 1768-ல் வந்து, இடிந்துகிடந்த கோட்டையின் மேல் ஒரு வானோக்குக்கூடம் அமைத்துக்கொண்டார். முதல் நாள் ராத்திரி வானம் பளிச்சென்று இருந்தது. 1769 ஜூன் 4-ம் தேதி காலையில்... மேகம். வெள்ளி கடந்து முடிகிறவரை சூரியன் முகம் காட்டவில்லை. அப்புறம் தெளிந்துவிட்டது. அவர் முன்பு தங்கியிருந்த மணிலாவில் அன்றைக்கு வானம் சுத்தமாக இருந்ததாம்! 1771-ல் ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டி, வாரிசுகள் சொத்தைப் பங்கு போடுவதில் இறங்கியிருந்தார்கள்.

எதிர்பார்த்து வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தார். புதுச்சேரியில் தமிழர்கள் கிரகணத்தைக் கணக்கிடுகிற முறையை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ம் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில், தமிழர் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவில் மிகச் சிறந்தது என்று பேர் வாங்கிய மேயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது. இதை அவரே எழுதி வைத்தார். ஜெயித்த தேசத்துக்காரன், நாட்டுப்புறத்தான் என்ன கணக்குப் போட்டுவிடப் போகிறான் என்று இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

மேகம் சூரியனை மறைத்தது. அவருடைய கண்ணை மறைக்கவில்லை.

2019-ல் உலக வானியல் சங்கம், ஒவ்வொரு நாடும் ஒரு நட்சத்திரத்துக்கும் அதன் கிரகத்துக்கும் பெயர் வைக்கலாம் என்றது. இந்தியாவுக்கு வந்த கிரகம், இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சுற்றி வரும் ஒரு சூடான வியாழன். அதற்கு வைத்த பெயர் சந்தமசா. சமஸ்கிருதத்தில், மேகம் கவிந்தது என்று பொருள். லெ ஜெந்தி இருந்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்!

நட்சத்திரத்துக்கு வைத்த பெயர் பிபா. பிபா சௌதுரி என்கிற வங்காளத்து இயற்பியலாளரின் நினைவாக. டி.எம்.போஸுடன் சேர்ந்து, மலை உச்சிகளில் போட்டோ தகடுகளை வைத்து, அதுவரை தெரியாத ஒரு துகளின் தடயத்தை 1940-களின் தொடக்கத்திலேயே பதிவு செய்தவர். யுத்த காலம். நல்ல தகடு கிடைக்கவில்லை. பிறகு நல்ல தகடு கிடைத்த செசில் பவல், இதே வழியில் போய் அந்தத் துகளை உறுதி செய்தார். 1950-ல் அவருக்கு நோபல் பரிசு. பிபா 1991-ல் இறந்தபோது, நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அந்தக் காலத்து இயற்பியல் கூடத்தில் ஒரு பெண் இருப்பாள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? எதிர்பார்க்காத இடத்தில் இருந்தால், பக்கத்து மேஜையில் இருப்பவரே கண்ணில் படுவதில்லை.

*

இப்போது என் கதை.

1999-ல் என் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார். அந்த வார்டில் ராத்திரி கூட ஆள் தங்கக்கூடாது. காலை பத்து மணிக்கு நான் போவேன். சாயங்காலம் அம்மா.

அப்பாவுக்கு ஒரே தம்பி. நோணாங்குப்பத்தில் நாலு மாடு வைத்துக்கொண்டு பால் வியாபாரம். இரண்டு சென்ட் மனை விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லாமல் போய் ஆறு வருஷம். 'உடம்பு இப்படி ஆனப்புறமாவது வர்றானா பாரு. கல்லு மனசு' என்றாள் அம்மா. நானும் நாள் எண்ணினேன். பத்து, இருபது, முப்பது... சித்தப்பா வரவே இல்லை.

இடையில் ஒரு விஷயம். அப்பாவின் நகம் எப்போதும் ஒழுங்காக வெட்டியிருக்கும். முகத்தில் இரண்டு நாள் தாடிக்கு மேல் இருக்காது. அம்மா செய்கிறாள் என்று நான் நினைத்தேன். நான் செய்கிறேன் என்று அம்மா நினைத்திருக்கிறாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச அதில் என்ன இருக்கிறது?

அப்பா போய்விட்டார். சாவு வீட்டுக்குச் சித்தப்பா மாலையோடு வந்தார். பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். ''உசுரோட இருக்கறப்ப வழி தெரியல. இப்ப மட்டும் தெரிஞ்சுதா சித்தப்பா?''

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையைப் போட்டார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய் நின்றார். பாடை தூக்கும்போது மட்டும் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

காரியமெல்லாம் முடிந்து, ஏதோ பேப்பர் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு ஆயா என்னை அடையாளம் கண்டுகொண்டு விசாரித்தார்.

''பால்காரர் நல்லாயிருக்காரா தம்பி? ரொம்ப ஒடைஞ்சு போயிருப்பாரே.''

''எந்தப் பால்காரர்?''

''உங்க அப்பாவோட தம்பின்னாரே. விடிகாலையில நாலு மணிக்கு எங்களுக்கு டீக்குப் பால் கொடுக்க வருவாரு. உங்க அப்பாகிட்ட ஒரு அரை மணி உக்காந்துட்டுத்தான் போவாரு. நகம் வெட்டி, சவரம் பண்ணி... தினம் கையைப் பிடிச்சுகினு உக்காந்திருப்பாரே. உங்களுக்குத் தெரியாது?''

நாற்பது நாளும்.

நான் பார்த்தது என் நேரத்தில். சித்தப்பா சுற்றியது அவர் நேரத்தில். பத்து மணிக்கு வராதவர் வராதவரே என்று நான் கணக்கு முடித்துவிட்டேன். வெட்டிய நகம் தினமும் என் கண் முன்னால் இருந்தது. சாட்சி டிராயருக்குள்ளேயே இருந்தது.

அன்று சாயங்காலமே நோணாங்குப்பம் போனேன். மாட்டுக்கொட்டகையில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார்.

''மன்னிச்சிடுங்க சித்தப்பா. எனக்குத் தெரியாது.''

''அதுக்கு இன்னாப்பா... நீ காலையில வருவ. அண்ணி சாயங்காலம் வருவாங்க. விடிகாலையிலதான் யாரும் இல்ல. அண்ணன் அந்த நேரத்துலதான் முழிச்சுகினு மோட்டுவளையைப் பார்த்துகினு கெடப்பாரு.''

''நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?''

கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

''நீ எங்கப்பா கேட்ட? சொன்ன.''

*

'தெரியாமல் செய்தது எப்படித் தப்பாகும்?' என்று ரொம்ப நாள் எனக்கு நானே வக்கீலாக இருந்து வாதாடியிருக்கிறேன். வாதம் எடுபடவில்லை. தெரியாதது தப்பில்லை. ஒரே வானத்தில் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது. எங்கே பார்ப்பது என்று முடிவு செய்ய ஏதாவது ஓர் எதிர்பார்ப்பு வேண்டும். அது இல்லாமல் வானியலும் நடக்காது, குடும்பமும் நடக்காது. தப்பு அதற்குப் பிறகு வருகிறது. 'நான் பார்த்த இடத்தில், நான் பார்த்த நேரத்தில் தென்படவில்லை' என்று சொல்லவேண்டிய இடத்தில், 'இல்லை' என்று தீர்ப்பு எழுதுகிறோமே, அங்கே வருகிறது. கிரகம் அதற்காக வருத்தப்படாது. அது பாட்டுக்கு நாலு நாளுக்கு ஒருதரம் சுற்றிக்கொண்டிருக்கும். மனிதர்கள் அப்படியில்லை. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய் நிற்பார்கள்.

'அவனுக்கு நன்றி இல்லை', 'அவளுக்குப் பாசம் இல்லை', 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை இல்லை' என்று நீங்களும் ஒரு பட்டியல் வைத்திருப்பீர்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. சிலது நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம். நுங்கம்பாக்கத்துக் கிரகம் மாதிரி, ஆசைப்பட்டதாலேயே ஒன்று வந்துவிடாது. எழுதுவதற்கு முன்னால் இரண்டு கணக்கு மட்டும் போடுங்கள். நான் எந்த நேரத்தில் பார்த்தேன்? அதில் என்னுடைய ஆட்டத்தைக் கழித்தேனா? என் கணக்கில் இரண்டு சென்ட் மனை இருந்தது. அதை நான் கழிக்கவே இல்லை.

சூரியனைத் தவிர்த்து மற்ற நட்சத்திரங்களுக்கு உண்டு என்று உறுதியான கிரகங்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தாண்டிவிட்டது. சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்றோ, அதற்கும் குறைவோதான் சூடான வியாழன் வைத்திருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் முதலில் நமக்குப் பாடம் நடத்த வந்தது அந்த அபூர்வம்தான். பல, தூரத்தில் பிறந்து, பிறகு நட்சத்திரத்தை நோக்கி இடம்பெயர்ந்து வந்தவையாக இருக்கவேண்டும் என்கிறார்கள். பிறந்த இடத்திலேயே எல்லாரும் இருந்துவிடுவார்கள் என்று நினைத்ததும் நம் தப்புதான்.

ஒரே ஒரு கடன் பாக்கி. ஆண்ட்ரூ லைன் தப்பைச் சொன்னது சபையில், திருத்தியதும் சபையில். நான் பழி சொன்னது நூறு பேர் இருந்த பந்தலில். மன்னிப்புக் கேட்டது யாருமில்லாத மாட்டுக்கொட்டகையில். சித்தப்பா 2011-ல் போய்விட்டார். அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்களில் பலர் இன்னும் நோணாங்குப்பத்தில் இருக்கிறார்கள். படகிலிருந்து இறங்கி நடந்தபோது டீக்கடையில் ஒரு பெரியவர், ''அந்தப் பால்காரன் மவனா நீ? இல்ல, அண்ணன் மவனா? கூடப் பொறந்தவன் சாகக் கெடக்கும்போதுகூட எட்டிப் பார்க்காதவனாச்சே அவன்'' என்றார்.

நான் எழுதிய தீர்ப்பு, இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் அந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

''தினம் நாலு மணிக்கா?''

''ஆமாங்க. நாற்பது நாளும்.''

''அப்ப நாங்கெல்லாம் தூங்கிகினு இருந்திருப்போம்'' என்றார்.